2515 கம்மின்ஸ்: தரையில் சொட்டு ஈரம் இல்லை, ஆனால் நடைக்கு நாலு லிட்டர் தண்ணி காணோம்

சங்ககிரி பத்துவீல்

வணக்கம். வண்டி 2007 மாடல் டாடா 2515, ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் கம்மின்ஸ். அப்பா ஓட்டியது, ஐந்து வருடமாக நான் ஓட்டுகிறேன். சங்ககிரியில் ஏற்றி ஓசூரில் இறக்கம், வாரத்துக்கு மூன்று நடை.

ஒரு மாதமாக ரேடியேட்டரில் தண்ணி குறைகிறது. முதலில் நடைக்கு ஒரு லிட்டர்தான், வயசான வண்டிதானே என்று விட்டுவிட்டேன். இப்போது நாலு லிட்டர். ராத்திரி நிறுத்தும்போது இன்ஜினுக்கு அடியில் அட்டை விரித்து வைத்துக் காலையில் பார்த்தேன், இரண்டு பொட்டு ஆயில் தவிர ஒன்றும் இல்லை. லோடோடு தொப்பூர் ஏறும்போது ஊசி சிவப்பைத் தொடப் பார்க்கிறது. மேலே போய் ஓரம் கட்டினால் ஓவர்ஃப்ளோ டப்பாவிலிருந்து கொதித்த மாதிரி கொட்டுகிறது. கீழ் ரோட்டில் காலி வண்டியாக வந்தால் இவ்வளவு இல்லை.

ரேடியேட்டர் மூடி புதுசு. மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டும் போன தீபாவளிக்கு மாற்றியது. தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானதும் ரேடியேட்டர் பக்கம் திறந்துவிடும் வால்வு) இப்போது கிடையாது, போன வருடம் ஹீட் ஆகிறது என்று சொன்னதும் மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். நடுவில் எங்கள் மாற்று டிரைவர் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் ஒரு பாக்கெட் போட்டிருக்கிறார், அது எனக்கே பிறகுதான் தெரியும்.

நேற்றுக் காலை இன்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினோம். கொஞ்ச நேரத்தில் குமிழ் குமிழாக வருகிறது. அதைப் பார்த்த உடனே மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேஸ் பிடித்து முகத்தைச் சமப்படுத்த வேண்டும், வால்வும் பார்த்துவிடலாம், 35,000 எடுத்து வை என்கிறார். வண்டி ஒரு வாரம் நிற்கும். டியூ தேதி பத்து. ஆயில் குச்சியில் பார்த்தேன், கறுப்பாகத்தான் இருக்கிறது, தண்ணி கலந்தால் ஆகிற பால் மாதிரி இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை.

ஹெட்டைத் தொடுவதற்கு முன்னால் நிச்சயம் பண்ணிக்கொள்ள ஏதாவது வழி உண்டா?

டீசல் காது

குமிழ் வந்தாலே கேஸ்கெட்தான் நண்பா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஹெட்டோடு நிறுத்தாதே, லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உருளை) ஓ ரிங்கும் (அதன் ரப்பர் வளையம்) போயிருக்கும், அதுவழியாகத்தான் தண்ணி போகிறது. சம்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றிக் கீழிருந்து பார்க்கச் சொல். அரைகுறையாகப் பண்ணினால் மூன்று மாதத்தில் திரும்பவும் இறக்க வேண்டிவரும். என் மாமா வண்டிக்கு அப்படித்தான் ஆனது. மொத்தமாகப் பண்ணிவிடு.

ரேடியேட்டர் பட்டறை

மஞ்சள் தூள் போட்ட அந்த டிரைவரை ஒரு நாள் என் பட்டறையில் உட்கார வைக்கணும். கோர் டியூபுக்குள் (ரேடியேட்டரின் சின்னச் சின்னக் குழாய்கள்) அது எப்படிக் கட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் என்று கம்பி விட்டுக் குத்தும்போதுதான் தெரியும். ஊசித் துளையை அடைக்கிறதோ இல்லையோ, நாலு டியூபை அடைத்துவிடும். நடுரோட்டில் வேறு வழியே இல்லை என்றால் சரி, ஊர் வந்து சேர்ந்ததும் அலசிவிட வேண்டாமா?

தம்பி, தரையில் ஈரம் இல்லை என்பதை வைத்து வெளியே லீக் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஓடும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. பிரஷர் ஏறினால்தான் வாய் திறக்கும், சூட்டில் அப்படியே ஆவியாகிவிடும், கீழே சொட்டாது. அதனால் ஈரத்தைத் தேடாதே, கறையைத் தேடு. கூலன்ட் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்த மாதிரி படிந்திருக்கும். வாட்டர் பம்பின் உடம்பில் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சீல் போனால் தெரியட்டும் என்றே விட்டது. விரலை விட்டுத் துடைத்துப் பார். அப்புறம் பிளாக்கில் அடித்திருக்கும் வட்டத் தகடுகள், டம்மி பிளக், அவற்றின் ஓரம். ஓஸ் கிளிப்புகள். ரேடியேட்டரில் மேல் டேங்க்கும் கோரும் சேரும் இடம்.

பிரஷர் டெஸ்ட் பண்ணினால் பாதிக் குழப்பம் தீரும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் கழுத்தில் அடாப்டர் மாட்டிக் கைப்பம்பால் காற்று ஏற்றி, பத்து நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. மூடியில் போட்டிருக்கும் அளவு எதுவோ அதுவரை மட்டும்தான் ஏற்ற வேண்டும், 0.7 பார் என்றால் 0.7, அதோடு நிறுத்து. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருத்தர் பஞ்சர் கடைக் காற்றை நேராகக் கொடுத்துவிட்டு மேல் டேங்க் தனியாகக் கோர் தனியாக என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும்போது, "ஒரு சின்ன லீக்குதான்ணே" என்றார்.

ஒன்று கேட்கிறேன், ஊற்றுவது கூலன்ட்டா, போர் தண்ணியா?

சங்ககிரி பத்துவீல்

உண்மையைச் சொன்னால் போர் தண்ணிதான் அண்ணே. நடைக்கு நாலு லிட்டர் கூலன்ட் ஊற்றக் கட்டுப்படியாகுமா? முதலில் பச்சையாக இருந்தது, இப்போது வெளுத்துப்போய்ப் பழைய சோற்றுத் தண்ணி மாதிரி இருக்கிறது.

வாட்டர் பம்பு ஓட்டைக்குக் கீழே லேசாக ஒரு பச்சைக் கோடு இருக்கிறது, பழசா புதுசா தெரியவில்லை. ஆனால் நாலு லிட்டர் அதுவழியாகப் போகாது என்று நினைக்கிறேன்.

ஓய்வு மேஸ்திரி

முப்பது வருடம் லாரி இன்ஜின் வேலை பார்த்தவன், இப்போது முதுகு விடவில்லை, பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. அதனால் நிதானமாக எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் லைனர் விஷயம். டீசல் காது தம்பி கோபப்பட வேண்டாம், இந்த 5.9 கம்மின்ஸில் லைனரே கிடையாது. பிஸ்டன் ஓடுவது பிளாக்கிலேயே கடைந்த துளையில். லைனரைச் சுற்றித் தண்ணி நிற்கிற வெட் லைனர் இன்ஜின்களில்தான் கீழே ஓ ரிங் போய் சம்புக்குள் தண்ணி இறங்கும். உங்கள் மாமா வண்டி அப்படி ஒன்றாக இருந்திருக்கலாம். இந்த வண்டியில் யாராவது துளையைப் பெரிதாகக் கடைந்து ஸ்லீவ் (உருளைக் குழாய்) அடித்திருந்தாலும் அதற்கு ஓ ரிங் வராது. சம்பைக் கழற்றி அதைத் தேடினால் நாள்தான் போகும்.

இனி குமிழ். குமிழ் என்றால் தண்ணிக்குள் எங்கிருந்தோ காற்று வருகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இந்த வண்டியில் அழுத்தத்தோடு காற்று உள்ள இடம் இரண்டு. ஒன்று சிலிண்டர். இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பிரேக்குக்குக் காற்று அடிக்கிற ஏர் கம்ப்ரெசர். டைமிங் கேஸுக்குப் பின்னால் கியரில் ஓடிக்கொண்டிருக்குமே, அதன் ஹெட்டுக்கு இரண்டு சின்ன ஓஸ் போவதைப் பார்த்திருப்பாய். அது இன்ஜின் தண்ணிதான், கம்ப்ரெசர் ஹெட் சூடாகாமல் இருக்கச் சுற்றி வருகிறது. அங்கே காற்று வழிக்கும் தண்ணி வழிக்கும் நடுவே இருப்பது ஒரு கேஸ்கெட். அது தின்றுபோனால் எட்டு கிலோ அழுத்தம் வரைக்கும் அடிக்கிற காற்று நேரே தண்ணிக்குள் போகும். ரேடியேட்டர் மூடி தாங்குவது ஒரு கிலோகூட இல்லை. அப்புறம் என்ன, மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணி வெளியே வரும், டப்பா வழியும், குறைந்த தண்ணியில் இன்ஜின் சூடாகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அச்சு அசல் ஹெட் கேஸ்கெட் போன மாதிரியே இருக்கும். ஆயிலும் சுத்தம், புகையும் இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. இந்த ஏமாற்றில் நானே ஒரு தடவை விழுந்திருக்கிறேன். ஹெட்டை இறக்கி, 26 போல்ட்டையும் முறையாக டார்க் வைத்து, 90 டிகிரி திருப்பி எல்லாம் பண்ணி முடித்து ஸ்டார்ட் பண்ணினால் அதே குமிழ். முதலாளி பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் தம்பி, முதலில் காசு செலவில்லாத ஒன்று செய். ராத்திரி வண்டி நின்ற பிறகும் ரேடியேட்டரில் கொஞ்ச நேரம் பிரஷர் இருக்கும், கம்ப்ரெசரில் இருக்காது. அப்போது எதிர்த் திசையில் நடக்கும், தண்ணி கம்ப்ரெசருக்குள் வடியும். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் அது ஏர் டேங்க்குக்குப் போய்விடும். நாளைக் காலை பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முதல் டேங்க்கின் டிரெயின் காக்கை (தண்ணி வடிக்கும் திருகு) திற. என்ன வருகிறது என்று எழுது. அதுவரை ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் போட விடாதே.

சங்ககிரி பத்துவீல்

ஐயா, இன்று காலை ஐந்தரைக்கு நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். அடியில் பெயின்ட் டப்பாவை வைத்துக்கொண்டு காக்கைத் திருப்பினேன். முதலில் வெறும் காற்று சீறியது, அப்புறம் தும்மின மாதிரி நின்று நின்று தண்ணி. முகத்திலும் சட்டையிலும் தெறித்துவிட்டது. டப்பாவில் முக்கால் லிட்டர் இருக்கும். கொஞ்சம் ஆயில் கலந்து காபிக்கலரில் மேலே மிதக்கிறது, அடியில் இருப்பது தெளிவாக இருக்கிறது.

கிளீனராக இருந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஏர் டேங்க்கில் தண்ணி இருப்பது எல்லா லாரியிலும் உள்ளதுதானே? காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய்த் தண்ணியாகிவிடும். மழைக்காலத்தில் ஒரு வாரம் திறக்காமல் விட்டால் எங்கள் வண்டியிலும் அரை லிட்டர் வரும், தினமும் காக் திறப்பதுதான் என் முதல் வேலையே. பச்சையாக வந்தால் கூலன்ட் என்று சொல்லலாம். இவர் ஊற்றுவது போர் தண்ணி, நிறத்தை வைத்து எப்படிச் சொல்வது?

ஓய்வு மேஸ்திரி

சரியான கேள்வி. முக்கால் லிட்டர் என்பது அதிகம்தான், ஆனால் கடைசியாக எப்போது திறந்தான் என்று நமக்குத் தெரியாது. இது சந்தேகம், இன்னும் சாட்சி ஆகவில்லை. சாட்சி அன்லோடர் சொல்லும், டேங்க் நிறைந்ததும் கம்ப்ரெசரின் காற்றை வெளியே விடுகிற வால்வு.

தம்பி, வண்டியைச் சமதரையில் நிறுத்து, சக்கரங்களுக்குக் கட்டை போடு, நியூட்ரல். கேபினில் பெடலை மிதிக்க ஒரு ஆள், ரேடியேட்டர் பக்கம் நீ. இன்ஜின் ஆறி இருக்க வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும், தண்ணி கழுத்துவரை. ஏர் டேங்க்குகளை எல்லாம் காலி பண்ணிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. மீட்டரில் காற்று ஏற ஏறக் குமிழ் எப்படி வருகிறது என்று பார். ஏழு எட்டு கிலோ வந்ததும் அன்லோடர் "புஸ்" என்று வெளியே விடும் இல்லையா, அப்போதிலிருந்து கம்ப்ரெசர் சும்மா சுற்றுகிறது, அழுத்தம் கிடையாது. அந்த நேரத்தில் குமிழ் நின்றால் குற்றவாளி கம்ப்ரெசர். புஸ் சத்தத்துக்கும் குமிழுக்கும் சம்பந்தமே இல்லாமல் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர். நின்ற பிறகு பெடலை ஏழெட்டு தடவை மிதிக்கச் சொல், காற்று குறைந்து கம்ப்ரெசர் திரும்ப வேலையில் இறங்கும். குமிழும் திரும்ப வருகிறதா பார். ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதே, மூன்று தடவை.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 0.7 பார் மூடி போட்ட ரேடியேட்டருக்குள் தண்ணி 115 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் மொத்தமும் கொதிக்கும். என் இடது முழங்கையில் அடையாளம் இருக்கிறது.

சங்ககிரி பத்துவீல்

மூன்று தடவை பார்த்தாயிற்று ஐயா. தம்பி கேபினில், நான் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.

டேங்க் காலியாக இருந்தபோது ஸ்டார்ட் பண்ணினதும் ஒன்றிரண்டு குமிழ்தான். நாலு கிலோ தாண்டியதும் சோடா மாதிரி வர ஆரம்பித்தது. ஏழுக்கு மேல் போனதும் கழுத்திலிருந்து தண்ணியே எழும்பி வழிகிறது. புஸ் என்றது. அஞ்சு நொடி, பத்து நொடி, அப்புறம் அப்படியே அடங்கிவிட்டது. தண்ணி சலனமில்லாமல் நிற்கிறது, என் முகம் தெரிகிறது அதில். தம்பி பெடலை மிதித்தான், மறுபடி சோடா. மூன்று தடவையும் ஒரே மாதிரி. அந்தத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது 35,000 கண்முன் வந்து போனது.

டீசல் காது

சரி, ஒப்புக்கொள்கிறேன், லைனர் விஷயம் எனக்குத் தெரியாது. மாமா வண்டி வேறு கம்பெனி, பழைய இன்ஜின். ஆனால் ஒன்று, கம்ப்ரெசரும் போய் ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தால்? இவ்வளவு நாள் ஹீட் ஆகி ஓடியிருக்கிறதே.

ஓய்வு மேஸ்திரி

நியாயம். அதனால் ஒன்று சேர்த்துச் செய்யலாம். கம்ப்ரெசருக்குப் போகிற இரண்டு தண்ணி ஓஸையும் கழற்றி, ஒன்றையொன்று குழாய்த் துண்டு வைத்து இணைத்துவிட்டால் கம்ப்ரெசர் தண்ணி வட்டத்திலிருந்து வெளியே வந்துவிடும். அப்படி வைத்து நிறுத்திய இடத்திலேயே ஐந்து பத்து நிமிடம் ஓட்டிக் குமிழ் பார். சுத்தமாக வரவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை இப்போதைக்குக் குறை சொல்ல வேண்டாம். இதோடு ரோட்டுக்கு மட்டும் போய்விடாதே, தண்ணி இல்லாமல் கம்ப்ரெசர் ஹெட் வெந்துபோகும். இன்னொரு வழி, நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சும் கருவி. புகைக் காற்று பட்டால் திரவம் நிறம் மாறும், கம்ப்ரெசரின் வெறுங்காற்றுக்கு மாறாது. பெரிய பட்டறைகளில் வைத்திருப்பார்கள்.

கம்ப்ரெசர் ஹெட்டைத் திறக்கும்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடாதே. ஹெட் முகத்தில் நேர்விளிம்பு வைத்து வளைவு பார்க்க வேண்டும், விரிசல் பார்க்க வேண்டும், தண்ணி வழியில் உப்பு அடைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். கம்ப்ரெசருக்குள் இறங்கிய தண்ணி ரிங்கைத் தாண்டினால் இன்ஜின் ஆயிலுக்கும் போகும், அதையும் பார்த்துவிடு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணாமல், சம்பு பிளக்கை மெதுவாக ஒரு சுற்று தளர்த்து. தண்ணி கனம், அடியில் நிற்கும், இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். அங்கே தண்ணி வந்தால் கம்ப்ரெசரோடு ஆயில் கூலரையும் சந்தேகப்பட வேண்டும், வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது தப்பு. அது இல்லாவிட்டால் தண்ணி நன்றாகச் சுற்றும் என்று நினைக்கிறார்கள். இந்த இன்ஜினில் அது முழுக்கத் திறக்கும்போது இன்னொரு பக்கம் குறுக்கு வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சூடான தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பிவிடும். ஏற்றத்தில்தான் அது காட்டிக்கொடுக்கும். 83 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டு.

கடைசியாக, எனக்கு இன்ஜினைவிட இதுதான் கவலை. பிரேக் லைனுக்குள் தண்ணி போயிருக்கிறது. எல்லா டேங்க்கையும் திறந்து வடி. டிரையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் டப்பா) இருந்தால் அதன் ஃபில்டரை மாற்று. பிரேக் வால்வு ரப்பர்கள் கெட்டிருக்கலாம், மிதித்து விட்டதும் காற்று உடனே விடுகிறதா, தாமதிக்கிறதா என்று பார். நீ போவது தொப்பூர். ஏறும்போது ஹீட் ஆனால் ஓரம் கட்டலாம், திரும்பி இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய்?

சங்ககிரி பத்துவீல்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், வேலை முடித்து இரண்டு நடையும் போய் வந்துவிட்டேன்.

ஓஸைக் குறுக்கே இணைத்து ஓட்டியதில் ஒரு குமிழ்கூட இல்லை. சம்பு பிளக்கில் சுத்தமான ஆயில்தான் வந்தது. கம்ப்ரெசர் ஹெட்டைத் திறந்தால் தண்ணி ஓட்டைக்கும் காற்று ஓட்டைக்கும் நடுவில் கேஸ்கெட் தீக்குச்சி அகலத்துக்குத் தின்றுபோயிருந்தது. அந்த இடத்தில் ஹெட் அலுமினியமும் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. போர் தண்ணி பண்ணிய வேலை என்றார் பார்த்தவர். ஃபேஸ் பிடித்தால் தாங்காது என்றதால் ஹெட்டும் கேஸ்கெட் கிட்டும் புதுசு. பிரேக் வால்வு ஒன்று மாற்றினேன், விட்டதும் காற்று இழுத்து இழுத்துத்தான் விட்டது. ரேடியேட்டரைக் கழற்றி அலசினோம், மஞ்சள் சேறு வந்தது. தெர்மோஸ்டாட் போட்டாயிற்று, கூலன்ட் சரிபாதி கலந்து ஊற்றியாயிற்று. எல்லாம் சேர்த்து 35,000-இல் பாதிகூட வரவில்லை.

லோடோடு தொப்பூர் ஏறினேன், ஊசி நடுவை விட்டு நகரவில்லை.

ஆனால் நடைக்குக் கால் லிட்டர் இன்னும் குறைகிறது. வாட்டர் பம்பு ஓட்டைக்குக் கீழே அந்தப் பச்சைக் கோடு இப்போது ஈரமாக இருக்கிறது. ரேடியேட்டர் அண்ணன் சொன்ன அதே இடம்.

ரேடியேட்டர் பட்டறை

முன்னால் நாலு லிட்டர் போனதில் இந்தச் சின்னக் கசிவு தெரியவில்லை. இப்போது பெரியது நின்றதும் இது தெரிகிறது. பயப்படாதே, பம்பு சீல் போயிருக்கிறது. இந்த இன்ஜினில் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு இரண்டு போல்ட் கழற்றினால் பம்பு கையோடு வந்துவிடும், அரை மணி நேர வேலை. வடிக்கிற கூலன்ட்டைச் சுத்தமான டப்பாவில் பிடித்து மூடி வை, இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.

சங்ககிரி பத்துவீல்

நாளைக்கே மாற்றிவிடுகிறேன் அண்ணே. பின்னால் வருகிற ரப்பர் ரிங் பம்போடு வருமா, தனியாக வாங்கணுமா?

ரேடியேட்டர் பட்டறை

கூடவே வரணும். கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்கு.